கணனிக்குள்ளே கணக்குப் போடுவது யார்?

சம்பளத் துண்டில் ஒரு பேர் குறைகிறது என்று ஆபிசுக்குப் போனால், "கம்பியூட்டர் போட்ட கணக்கு, பிழைக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களாம். பலர் வந்து முறையிட்டதால், அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

கணக்கெல்லாம் நடப்பது புரொசெசர் என்ற சின்னச் சிலிக்கன் துண்டில். அதை மூளை என்பார்கள். ஆனால் சொந்தப் புத்தி கிடையாது.

அதில் ஒன்று கட்டுப்பாட்டுப் பகுதி. பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணியார் மாதிரி. நினைவகத்தில் எழுதிவைத்த கட்டளையை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன வேலை என்று பார்த்து, உரிய பகுதியை ஏவிவிடும். தான் கணக்குப் போடாது. (கங்காணிமார் கோபிக்க வேண்டாம்!)

கணக்குப் போடுவது கணிப்புப் பகுதி. கூட்டும், கழிக்கும், இரண்டு எண்ணில் எது பெரிது என்று ஒப்பிடும். உங்கள் கொழுந்து நிறுவை நோமைத் தாண்டியதா என்று பார்ப்பது இதுதான்.

கணக்கு நடக்கும்போது எண்களை வைத்திருக்க இடம் வேண்டுமே? கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு இது லேசாகப் புரியும். கைப்பிடி மாதிரி ரெஜிஸ்டர், முதுகுக் கூடை மாதிரி கேஷ், மடுவம் மாதிரி நினைவகம். கையில் கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனால் உடனே எடுக்கலாம். மடுவத்தில் நிறையப் பிடிக்கும், போய்வர நேரமாகும். ஒரு வித்தியாசம், இங்கே எண்கள் இரண்டு பக்கமும் போய் வரும்.

எல்லாம் ஒரு துடிப்புக்கு நடக்கும். 1971ல் இன்டெல் கம்பெனி விற்பனைக்கு விட்ட 4004 என்ற புரொசெசரில் 2,300 டிரான்சிஸ்டர்கள். 1993ல் வந்த பென்டியத்தில் 31 லட்சம், துடிப்பு செக்கனுக்கு 6 கோடி.

அப்படிப்பட்ட பென்டியமே பிழைத்தது. தசமக் கணக்குக்கென்று அதில் தனிப் பகுதி உண்டு. வகுப்பதற்கு உள்ளே வைத்த வாய்ப்பாட்டில் சில இடம் விடுபட்டுப் போயிற்று. 1994ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அது 1.33374 என்றது. கம்பெனி முதலில் மழுப்பியது. ஆட்கள் விடவில்லை. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. செலவு 47 கோடி 50 லட்சம் டொலர்.

ஆனால் நம்ம சம்பளத் துண்டில் வரும் பிழை பெரும்பாலும் இந்தச் சாதி இல்லை. 18 கிலோவை 13 என்று அடித்தால், புரொசெசர் 13க்குச் சரியாகக் கணக்குப் போடும். அது மலைக்கு வந்து தராசைப் பார்த்ததா என்ன? ஆகவே "கம்பியூட்டர் பிழைக்காது" என்றால், "சரி ஐயா, அதுக்குள்ள போட்ட கிலோவைக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவையையும் அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். சேமலாப நிதியையும் பாருங்கள், சட்டப்படி உங்கள் பக்கம் குறைந்தது 8 வீதம், தோட்டத்தின் பக்கம் குறைந்தது 12 வீதம். ஒத்துவராவிட்டால் சம்பளத் துண்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலரிடம் வாருங்கள், செக்ரோலோடு வைத்துப் பார்ப்போம்.