ஜீப் டயருக்கு எத்தனை பவுண்டு காற்று?

டயருக்குக் காற்று அடிக்கிற சமாசாரத்தை ஒரு குடும்பத் தலைவி எழுதுவதா என்று சகோதரிகள் சிலர் சிரிக்கக்கூடும். நானும் அப்படிச் சிரித்தவள்தான். வண்டி, பெட்ரோல், டயர் எல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், இதையெல்லாம் எடுத்து வைத்தால் என் வேலை முடிந்தது என்று இருந்தேன். 2023-ஆம் வருஷத்துப் பங்குனி உத்திரத்தோடு அந்த எண்ணம் போயிற்று.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில் கோவில். தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கு எட்டின தூரம் சிவப்பு மணல் மேடு, நடுநடுவே பனை. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தார் ரோடு கிடையாது. அக்கா மகன் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கியிருந்தான். "சித்தி, இந்த வருஷம் யாரும் நடக்க வேண்டாம். கோவில் வாசல்லயே கொண்டு இறக்குதேன்" என்றான். பெரியவர்கள் ஆறு பேர், என் மகளின் எட்டு மாதக் குழந்தை, பொங்கல் பானை, விறகு, அரிசி எல்லாம் ஏறின.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. அவன் மிதிக்க மிதிக்க, நாலு சக்கரமும் நாலு குழி தோண்டின. அதுதான் மிச்சம். நல்லவேளையாக, சாமி கும்பிட வந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் ஜீப் ஓட்டினவராம். "எய்யா, மிதிக்காத. டயரு கல்லு மாதிரில்லா இருக்கு? காத்தக் கொஞ்சம் எறக்கு, மண்ணு தன்னால விட்ரும்" என்றார். ஒவ்வொரு டயராக உட்கார்ந்து, சாவி முனையால் வால்வை அழுத்தி, டயரின் வயிறு லேசாகப் பிதுங்கும்வரை காற்றை விட்டார். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே ஒதுக்கினோம். வண்டி பூனை மாதிரி மெல்ல ஏறி வெளியே வந்துவிட்டது!

காரணம் ரொம்பச் சுலபம். குதிகால் உயர்ந்த செருப்போடு கடற்கரையில் நடந்தால் புதைகிறது. வெறுங்காலோடு நடந்தால் அவ்வளவு புதைவதில்லை. காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தரையில் நீளமாகப் படிகிறது. பாரம் பரவுகிறது. மணலைக் கீறாமல் மேலேயே உருள்கிறது. நாலு சக்கரமும் இழுத்தாலும், டயர் விறைப்பாக இருந்தால் குழிதான் ஆழமாகும்.

பெரியவர் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "தார் ரோட்டுக்குப் போனதும் முதல் பங்க்குல காத்த நெறச்சிரணும், என்ன?" தலையை ஆட்டினோம். திரும்பும்போது திருநாள் கூட்டம். முதல் பங்க்கில் காற்றுக்கு நீள வரிசை. குழந்தை வெயிலில் சிணுங்கினாள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்ப்பா, நீ போ" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் எனக்கு ஒரு தீய்ந்த வாசனை. அடுப்படியில் இருபது வருஷம் நின்ற மூக்கு! "நிறுத்துப்பா" என்றேன். "ஒண்ணுமில்ல சித்தி, வெளியே குப்பை எரிக்காங்க" என்றான். விடவில்லை. இறங்கிப் பார்த்தால் பின்பக்கத்து இடது டயரில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல்லாகக் கொதித்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த என் மகள் உட்கார்ந்திருந்தது சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே. ஸ்டெப்னியை மாட்டலாம் என்றால் அதிலும் பாதிக் காற்றுதான். அதை மாட்டிக்கொண்டு, ஊர்ந்து அடுத்த பங்க்குக்கு வந்து ஐந்திலும் காற்று நிரப்பினோம்.

மறுநாள் பாளையங்கோட்டை டயர் கடையில் அந்த டயரைக் கழற்றினார்கள். உள்ளே மிளகுப்பொடி மாதிரி கறுப்பு ரப்பர்த் தூள். பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்ததில் தானே அரைபட்டு உதிர்ந்ததாம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமில்லையா? அதே கதைதான். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி, கடைசியில் வெடித்துவிடும். அந்த டயரைத் தூக்கிப் போட்டோம்.

அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கருவியில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பதைத்தான் நாம் பவுண்டு என்கிறோம். தார் ரோட்டில் எத்தனை பவுண்டு என்பது பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. எங்கள் ஜீப்புக்கு நாலிலும் 32, ஆளும் மூட்டையும் நிறைந்தால் பின்னால் 38. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும். பயணத்தன்று சொந்தக்காரர்கள் கூட இரண்டு பேர் ஏறுவது நம் வழக்கமாயிற்றே, அதனால் அந்த 'நிறைந்த பாரம்' கணக்கைத்தான் முதலில் பாருங்கள். "ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே" என்று ஏற்றுவதும் தப்பு. டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், வண்டி தூக்கிப்போடும், பிரேக் போட்டால் பிடிப்பு குறையும்.

அளக்கிற நேரம் முக்கியம். காலையில், வண்டி நகருமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். ஓடிவந்தால் காற்று சூடாகி எண் ஏறும். அதைப் பார்த்து பயந்து இறக்கிவிட்டால், ஆறின பிறகு குறைவாகிவிடும். வெயிலும் கணக்கில் சேர்த்தி. ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பவுண்டு மாறும். ஜீப்பில் பழகினவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: காலையில் அளந்ததைவிட, ஒரு மணி நேரம் ஓடின பிறகு 4 பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தால், ஆரம்பத்திலேயே காற்று போதவில்லை என்று அர்த்தம். எனக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றிற்று. குறைந்த டயர்தான் அதிகம் மடங்கி அதிகம் சுடுகிறது என்று யோசித்தால் புரிந்துவிடும்.

மணலுக்கு 18 முதல் 20 பவுண்டு. அப்போதும் நகரவில்லையென்றால் 15, 16. அதற்கும் கீழே போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். மணலில் வெடுக்கென்று ஸ்டீயரிங்கைத் திருப்பவும் கூடாது, வேகமும் வேண்டாம். கல்லு நிறைந்த பாதையில் கொஞ்சம் இறக்கினால் குலுக்கல் குறையும். ரொம்ப இறக்கினால் பிதுங்கின பக்கச்சுவரைக் கூர்மையான கல் கிழித்துவிடும்.

இன்னொன்று. மணலில் போட்ட ஃபோர் வீல் கியரைத் தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் ஜீப் போன்றவற்றில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. கெட்டியான ரோட்டில் சறுக்க வழியில்லாமல் பற்சக்கரங்கள் திணறும். ஒரு டயர் மட்டும் புதிது, மற்றவை தேய்ந்தவை என்றாலும் இதே தொல்லை. நைட்ரஜன் போட்டால் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே! எதைப் போட்டாலும் மாதம் ஒரு முறையாவது அளக்கத்தான் வேண்டும், ஸ்டெப்னியும் சேர்த்து.

அடுத்த வருஷம் கோவிலுக்குப் போனபோது காற்று அளக்கும் கருவி என் பையில், விபூதிப் பொட்டலத்தோடு இருந்தது. ஜீப்பில் சொருகுகிற சின்ன கம்ப்ரஸரையும் அக்கா மகன் வாங்கியிருந்தான். மணலுக்குள் நுழையுமுன் 18-க்கு இறக்கினோம். திரும்பித் தார் ரோட்டு ஓரத்தில் வேப்பமர நிழலில் நிறுத்தி, நாலு டயருக்கும் காற்று ஏற்ற அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் பேத்திக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டேன்.