பாகங்கள் மாறினாலும் அதே கார்தானா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பிக்கும்போது எத்தனை பாகங்களை மாற்றலாம்? பெரும்பகுதியை மாற்றிய பிறகும் அது அதே கார்தானா? வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, 1990ல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

வழக்கில் சிக்கியது 'ஓல்ட் நம்பர் ஒன்' எனப்படும் பெண்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929லும் 1930லும் வென்ற கார் அது. 1932ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் கார் மீண்டும் கட்டப்பட்டது. காலப்போக்கில் பெரும்பாலான பாகங்கள் மாறிவிட்டன. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தப் பழைய கார் அல்ல என்று கூறிப் பின்வாங்கியது.

இத்தகைய சிக்கல் ஏன் எழுகிறது என்பதைப் பட்டறை வேலையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கார் உள்ளே வந்ததும் ஒவ்வொரு பாகமும் படம் எடுக்கப்பட்டு, அடையாளச் சீட்டு கட்டப்பட்டுக் கழற்றப்படும். அடிச்சட்டத்திலும் இஞ்சினிலும் பொறிக்கப்பட்டுள்ள எண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒப்பிடப்படும். எண்கள் பொருந்தினால் காரின் மதிப்பு உயரும்.

1920கள், 1930களில் செய்யப்பட்ட பல கார்களின் உடலுக்குள் மரச்சட்டம் உண்டு. ஈரத்தில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புது மரம் இணைப்பதா, சட்டம் முழுவதையும் மாற்றுவதா என்று கைவினைஞர் முடிவு செய்ய வேண்டும்.

அலுமினியத் தகட்டை வளைக்குமுன் சூடாக்கி இளக்குவார்கள். அலுமினியம் சூடேறினாலும் இரும்பைப்போல் சிவக்காது. அதனால் தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்து வைப்பார்கள். சோப்பு கறுத்தால் சூடு போதும் என்று பொருள். பிறகு இரண்டு உருளைகளுக்கு இடையே தகட்டை முன்னும் பின்னும் தள்ளி வளைவு கொடுப்பார்கள்.

அக்காலத்து இஞ்சின்கள் பலவற்றின் தாங்கிகளில் ஈயநிற மென்உலோகம் பூசப்பட்டிருக்கும். அது தேய்ந்திருந்தால், உருக்கி ஊற்றிப் புதிதாகக் கடைய வேண்டும்.

இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் பழையது கொஞ்சம் போய், புதியது சேர்கிறது. பாதுகாப்புக்காக பிரேக்கையும் விரிசல் கண்ட பாகத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பளபளப்புக்காகச் சுரண்டிய முதல் பெயிண்ட்டையும் கிழித்தெறிந்த பழைய தோல் இருக்கையையும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாது.

பெண்ட்லி வழக்கில் நீதிபதி ஆட்டன், விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறினாலும் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதே அவர் கண்ட காரணம்.

ஆகவே, பொறுப்புள்ள பட்டறை காரை ஒப்படைக்கும்போது மூன்றைச் சேர்த்துக் கொடுக்கிறது: செய்த வேலையின் குறிப்பேடு, புகைப்படங்கள், கழற்றிய பழைய பாகங்கள். நாளை யாரேனும் இது அதே கார்தானா என்று கேட்டால், பதில் சொல்லப்போவது அவைதான்.