'எவ்ரிடே'வா, 'எவ்ரி டே'யா? ஒரு சின்ன இடைவெளியில் மாறும் அர்த்தம்!

வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் கவர் லெட்டரின் கடைசி வரியை இப்படி முடிக்கிறார்: 'ஐ வான்ட் டு பி அபார்ட் ஆஃப் யுவர் டீம்.' அவர் சொல்ல நினைத்தது, 'உங்கள் டீமில் நானும் ஒருவராக இருக்க விரும்புகிறேன்' என்பதை. ஆனால், 'அபார்ட்' என்று சேர்த்து எழுதினால் 'தனியாக, விலகி' என்று அர்த்தம். டீமில் சேர ஆசைப்பட்டவர், தள்ளி நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்! 'எ பார்ட்' என்று பிரித்திருந்தால் பிரச்னையே இல்லை.

ஸ்பெல் செக் காப்பாற்றாதா? பெரும்பாலும் காப்பாற்றாது. 'அபார்ட்' டிக்‌ஷனரியில் இருக்கிற சொல்தானே, சிவப்புக் கோடு எப்படி வரும்? தமிழிலும் இந்தக் கதை உண்டு. 'பலகை' வேறு, 'பல கை' வேறு.

ஆபீஸ் மெயில்களில் அதிகம் மாட்டிக்கொள்வது 'லாகின்'. 'என் லாகின் வேலை செய்யல' என்னும்போது அது பெயர்ச்சொல், சேர்த்து எழுதணும். 'ப்ளீஸ் லாக் இன்' என்னும்போது அது வினைச்சொல், பிரிக்கணும். சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் சொல்லிப் பாருங்கள். 'லாக்டு இன்' என்றுதான் வரும். 'லாகின்டு' என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் 'டு' நுழைய இடம் கேட்டால் அது இரண்டு சொல். 'பேக்கப்', 'செக்அவுட்' இரண்டுக்கும் இதே டெஸ்ட் போதும். ('ஃபாலோ-அப்' மட்டும் பெயர்ச்சொல்லாக வரும்போது நடுவில் ஒரு சின்னக் கோட்டையும் எதிர்பார்க்கும்!)

அடுத்து 'எவ்ரிடே'. கடை வாசல்களில் 'ஓப்பன் எவ்ரிடே' என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். அது தவறு. சேர்த்து எழுதினால் 'வழக்கமான, அன்றாட' என்று பொருள். அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரணும். 'எவ்ரிடே ஷூஸ்' என்றால் விசேஷத்துக்கு இல்லாமல் சும்மா போட்டுக்கொள்ளும் ஷூ. தினமும் என்று சொல்ல 'எவ்ரி டே'தான். அந்த இடத்தில் 'ஈச் டே' போட்டுப் பார்த்து, பொருந்தினால் பிரித்துவிடலாம்.

'மேபி' என்றால் 'ஒருவேளை'. 'மேபி ஹீ இஸ் லேட்' சரி. ஆனால், 'ஹீ மே பி லேட்' என்பதில் 'மே', 'பி' இரண்டும் வினை, பிரிந்தே நிற்கும். மேனேஜரிடம் 'ஐ நீட் ஸம் டைம்' என்றால் கொஞ்சம் அவகாசம் கேட்கிறீர்கள். 'லெட் அஸ் மீட் ஸம்டைம்' என்றால் என்றைக்காவது பார்க்கலாம். அந்த 'என்றைக்காவது' பெரும்பாலும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

'எ லாட்' எப்போதும் இரண்டு சொல்தான். சேர்த்து ஒற்றை 'எல்' போட்டால் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இரட்டை 'எல்' போட்டால் 'வீடு அலாட் ஆச்சு' என்கிறோமே, அந்த 'ஒதுக்குவது'.

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலமும் ஒரு காரணம். அடிக்கடி ஒன்றாக வரும் சொற்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். 'டுடே'வையே 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடுவில் கோடு போட்டு 'டு-டே' என்று அச்சடித்தார்கள். 'ஆல்ரைட்' இப்போது அந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறது. சாட்டில் சேர்த்து எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஹெச்.ஆருக்கு அனுப்பும் மெயில் என்றால், இப்போதைக்குப் பிரித்தே எழுதுங்கள்.