தடையை மீறி ஒலித்த பாட்டு

1977. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் வெள்ளிவிழா ஆண்டு. ஊரெங்கும் கொண்டாட்டம் களைகட்டிய நேரத்தில், முடியாட்சியைச் சாடி ஒரு பாட்டை வெளியிட்டது 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் ராக் குழு. பிபிசி தடை விதித்தது. பெரிய கடைகள் சில இசைத்தட்டை விற்கவே மறுத்தன. அப்படியும் பிரிட்டன் தரவரிசையில் 2-ஆம் இடத்தைப் பிடித்தது அந்தப் பாட்டு! மறு ஆண்டு ஜனவரியிலேயே குழு உடைந்துபோனது.

ஆனால், குழு உடைந்தாலும் அதன் தாக்கம் மறையவில்லை. அதற்குச் சான்றாக, 1976 ஜூனில் மான்செஸ்டரில் அவர்கள் நடத்திய கச்சேரியைச் சொல்லியே ஆக வேண்டும். வந்த கூட்டமோ மிகக் குறைவு. அதில் ஒருவரான பீட்டர் ஹுக் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். உடன் வந்த நண்பர் பெர்னார்ட் சம்னரோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுதான், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற 'ஜாய் டிவிஷன்'.