மூளைச் சிரையில் உறையும் இரத்தம்

இரத்தக்கட்டி என்றதும் காலும் நுரையீரலும் நினைவுக்கு வந்தாலும், மூளையிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களான சிரைகளிலும் அது உருவாகக்கூடும். பேறுகாலத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுவதோடு, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கத்தால் உடலும் வறள்வதால், இந்திய இளந்தாய்மாரிடம் இந்நோய் நெடுங்காலமாகக் காணப்படுகிறது. அருவி கொட்டும் குற்றாலமானாலும் வறண்ட சீமையானாலும் அப்பழக்கம் வேண்டாதது.

அடைப்பினால் மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கும்போதும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியையே மருத்துவர்கள் போடுவது முரணாகத் தோன்றலாம். எனினும் கசிவுக்குக் காரணமே பின்தேங்கிய அழுத்தம் என்பதால் அடைப்பு வளராமல் தடுப்பதே வழி என்பதை, 20 பேரை மட்டுமே கொண்டதாயினும், 1991இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு உறுதிப்படுத்தியது.

பிரசவித்த சில வாரங்களுக்குள் விடாத தலைவலியோ வலிப்போ பார்வை மங்கலோ கண்டால், தைலம் தேய்த்துக் காத்திராமல் தென்காசி அரசு மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தாயை உடனே கொண்டுசெல்ல வேண்டும்.