ஆபீஸ் போறப்போ நாயோட தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வைக்காதீங்க

இந்த எபிசோட் நாய் வளர்க்கிறவங்களுக்கு. குறிப்பா தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட்ல வளர்க்கிறவங்களுக்கு. நான் அடிக்கடி கேள்விப்படுற ஒரு பழக்கம் இருக்கு. காலையில 8 மணிக்கு ஓஎம்ஆர் ஆபீஸுக்குக் கிளம்புறப்போ, வீட்டுக்குள்ள யூரின் போயிடும்னு தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வெச்சிடுறாங்க. திரும்பி வர ராத்திரி 8 ஆயிடுது. அந்த 12 மணி நேரத்துல நாயோட உடம்புக்குள்ள என்ன நடக்குது?

கல் எப்படி உருவாகுது?

ஸ்கூல்ல படிச்ச கெமிஸ்ட்ரிதான். தண்ணி குறைஞ்சு உப்பு கூடினா, ஒரு கட்டத்துக்கு மேல கரையாது, படிகமா மாறும். சிறுநீர்ப்பைக்குள்ளயும் இதேதான். நாய்களுக்கு அதிகமா வர்றது ரெண்டு வகைக் கல். ஒண்ணு ஸ்ட்ரூவைட். இது பெரும்பாலும் யூரின் இன்ஃபெக்‌ஷனால வரும், பெண் நாய்களுக்கு அதிகம். இன்னொண்ணு கால்சியம் ஆக்சலேட். ஷிட்சு, லாசா ஆப்சோ மாதிரி சின்ன சைஸ் நாய்கள்ல, அதுலயும் ஆண் நாய்கள்ல அதிகம். டால்மேஷனுக்கு மரபணுக் காரணத்தால யூரேட்னு மூணாவது வகை வரும்.

தண்ணி மட்டும் எல்லாக் கல்லையும் தடுத்துடாது. ஆனா எந்த வகையா இருந்தாலும், யூரின் நீர்த்துப் போறதும் அடிக்கடி வெளியேறுறதும் உதவி. கிண்ணத்தை எடுத்தா ரெண்டுமே கெடுது.

எவ்வளவு தண்ணி வேணும்?

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50–60 மில்லி. 18 கிலோ நாட்டு நாய்னா சுமார் 1 லிட்டர். 20 லிட்டர் கேன்ல இருபதுல ஒரு பங்கு, அவ்வளவுதான். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. மூச்சு இரைச்சுத்தான் சூட்டைக் குறைக்கும். அதுலயே தண்ணி போயிடும். அதனால கத்திரி வெயில்ல இன்னும் அதிகமா வேணும்.

ட்ரை ஃபுட்ல தண்ணி 10 சதவீதம்தான். அதுல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ஊற வெச்சுக் குடுங்க. சிக்கன் வேக வெச்ச தண்ணியும் ஊத்தலாம், ஆனா உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காம. போர் தண்ணி உப்புக் கரிச்சா நாய் சரியா குடிக்காம போகலாம். நீங்க குடிக்கிற தண்ணியையே வைங்க. கிண்ணம் ரெண்டு இடத்துல இருக்கட்டும், தினமும் கழுவுங்க.

அப்போ வீட்டுக்குள்ள போயிடுமே?

அதுக்குத் தீர்வு தண்ணியைக் குறைக்கிறது இல்ல, வெளிய கூட்டிட்டுப் போறதை அதிகமாக்குறது. காலையில, சாயங்காலம், தூங்குறதுக்கு முன்னாடின்னு மூணு வாக். மதியம் ஒரு தடவை அக்கம்பக்கத்துல யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. முடியலன்னா பால்கனியில பீ பேட் போட்டுப் பழக்குங்க.

எப்போ பயப்படணும்?

யூரினை சிஸ்டத்தோட லாக் ஃபைல் மாதிரி பாருங்க. ரத்தம் கலந்து வருது, அடிக்கடி சொட்டுச் சொட்டா போகுதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. முக்கி முக்கி நின்னும் ஒண்ணுமே வரலன்னா அது எமர்ஜென்சி. நிறைய பேர் அதை மலச்சிக்கல்னு நினைச்சுக்கிறாங்க. ஆண் நாயோட சிறுநீர்க்குழாய் ஒரு எலும்புப் பள்ளம் வழியா போகுது. அங்க விரிய இடமில்ல, கல் மாட்டிக்கும். அடைச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், கிட்னி செயலிழக்கும், ரெண்டு மூணு நாள்ல உயிரே போகலாம்.

"வாழைத்தண்டு ஜூஸ், இளநீர் குடுத்துப் பார்க்கலாமா?"ன்னு கேப்பீங்க. அடைப்பு இருக்கிறப்போ வேண்டாம். இளநீர்ல பொட்டாசியம் அதிகம். ஸ்ட்ரூவைட்டை மருந்தும் ஸ்பெஷல் உணவும் குடுத்துக் கரைக்கலாம், ஆக்சலேட் கரையாது. எது எதுன்னு எக்ஸ்ரே, ஸ்கேன், யூரின் டெஸ்ட் பார்த்து டாக்டர்தான் சொல்லணும்.

1903-ல தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரில இருக்கு, அங்க மருத்துவமனையும் உண்டு. ஆனா தாம்பரத்துல இருந்து ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல அங்க போய்ச் சேர நேரமாகும். அதனால உங்க ஏரியால ராத்திரியும் திறந்திருக்கிற, ஸ்கேன் வசதி உள்ள கிளினிக் எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு, நம்பரை போன்ல சேவ் பண்ணிடுங்க.

கடைசியா ஒண்ணு. திடீர்னு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல குடிக்க ஆரம்பிச்சாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. சர்க்கரை நோய், கிட்னி பிரச்சினை, கருத்தடை பண்ணாத பெண் நாய்னா கர்ப்பப்பை இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம். அப்பவும் கிண்ணத்தை மட்டும் எடுக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். போய் கிண்ணத்தை ரொப்புங்க!