மலரும் பாட்டும்

ஒரு தேசத்தாரின் குணத்தை அவர்களை வென்றவர்கள் வாயால் மட்டும் கேட்டறிவது நியாயமாகாது. மெக்ஸிகோ தேசத்து ஆஸ்டெக் ஜனங்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது ஒன்றே: அவர்கள் கோயில் சிகரத்தில் நரபலியிட்டார்கள் என்பது. அது பொய்யன்று. ஆயினும் அக்கோயில்களின் நிழலிலேயே கவிதையும் ஓங்கி வளர்ந்திருந்தது என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள்.

டெஸ்கோகோ ஏரியின் நடுவே அமைந்திருந்தது ஆஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான். இன்றைய மெக்ஸிகோ நகரம் அதன்மீதே நிற்கிறது. அவர்களுடைய பாஷை நாவாட்ல். தக்காளியின் 'டொமாட்டோ' என்னும் ஆங்கிலப் பெயரும், மிளகாயின் 'சில்லி' என்னும் பெயரும் அப்பாஷையிலிருந்து வந்தவையே.

இரண்டு சொற்களை இணைத்து மூன்றாவதொரு பொருளை உணர்த்துவது நாவாட்லின் விசேஷ அழகு. 'நீரும் மலையும்' என்றால் ஊர் என்று பொருள். 'கறுப்பு மையும் சிவப்பு மையும்' என்றால் ஏட்டறிவு. 'மலரும் பாட்டும்' என்றால் கவிதை! கவிதைக்கு இதைவிட இனிய பெயரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

அவர்களுக்குக் கவிதை வெறும் பொழுதுபோக்கன்று. வழிபாட்டின் ஓர் அங்கம். அவர்களுடைய ஆண்டில் இருபது நாள் கொண்ட 18 மாதங்கள் உண்டு. மாதந்தோறும் ஒரு திருவிழா. ஒவ்வொரு விழாவிலும் தெய்வங்களைக் குறித்துப் பாட்டும் கூத்தும் நடைபெறும். இளைஞரும் கன்னியரும் இவற்றைப் பயில்வதற்கென்றே 'பாட்டு வீடு' என்னும் சாலைகள் இருந்தன. தோல் போர்த்திய நெடிய முரசும், மரத்தைக் குடைந்து செய்த கிடைப் பறையும் தாளம் கொடுத்தன. சித்திர ஏடுகள் நினைவுக்குத் துணை செய்தன. பாட்டோ நாவிலும் நெஞ்சிலும் வாழ்ந்தது.

அரசர்களும் கவிஞர்களாக விளங்கினர். அவர்களுள் தலைசிறந்தவர் டெஸ்கோகோ நகரத்து மன்னர் நெஸாவால்கோயோட்ல் (1402–1472). இளமையில் தந்தையைப் பகைவருக்குப் பலிகொடுத்து, நாடிழந்து திரிந்து, பின்னர் அரசை மீட்டவர். ஏரியில் பேரணை கட்டியதும் சட்டங்கள் வகுத்ததும் அவர் புகழுக்குக் காரணமாயின. அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் அனைத்தும் அவருடையவைதாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அப்பாடல்கள் எழுப்பும் வினா ஒன்றே: யாவும் அழியும் இவ்வுலகில் நிலைப்பது எது? யுத்தமும் பலியும் மிகுந்த சமூகத்தில் இவ்வினா எழுந்ததே நமது சிந்தனைக்குரியது.

1521-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி ஸ்பானியரிடம் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, ஏடுகள் தீக்கிரையாயின. எனினும் அந்நியர் கூட்டத்திலிருந்தே ஓர் ஆதரவும் கிடைத்தது. 1529-இல் வந்திறங்கிய ஸஹாகூன் என்னும் பாதிரியார் நாவாட்லைக் கற்று, அந்நாட்டு முதியோர் சொன்னவற்றை அந்நாட்டு மாணவர் துணையுடன் எழுதுவித்தார். இருபது தெய்வத் துதிகளையும் அவர் சேகரித்தார். அவருடைய பன்னிரண்டு பாகப் பெருநூலைப் பறிமுதல் செய்யும்படி 1577-இல் அரசாணை பிறந்தது. நல்லவேளையாக அதன் பிரதியொன்று இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில் பத்திரமாக இருக்கிறது. அதே நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மற்றொரு பாடற் சுவடி மெக்ஸிகோ தேசிய நூல்நிலையத்தில் இருக்கிறது. அதில் சில பாடல்கள் தோல்விக்குப் பின்னர் இயற்றப்பட்டவை. கிறிஸ்தவப் பெயர்களும் அவற்றில் கலந்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் காரிபாய், அவர் மாணவர் லியோன்-போர்ட்டில்லா ஆகிய மெக்ஸிகோ அறிஞர்கள் இச்செல்வத்தை ஸ்பானிய மொழியில் பெயர்த்து, தங்கள் தேசத்தாருக்கே மறுபடியும் அறிமுகம் செய்து வைத்தார்கள். 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நாவாட்ல் பேசுவோர் 16 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஏட்டை எரித்துவிடலாம், தாய்மொழியில் பாடும் நாவை அடக்குவது எளிதன்று. மெக்ஸிகோவின் சரித்திரம் நமக்குக் கூறும் செய்தி இதுவே.